77 வயது மாரோ, 37 வயது ஷென்யோ: பிரெஞ்சு–ஜப்பானியக் கூட்டு நடனம் பற்றிப் பேசலாம்

விளக்கடி (இழையைத் தொடங்கியவர், பாரிஸ்)

வணக்கம் நண்பர்களே. நான் இங்கே பாரிஸில் மேடை விளக்கு வேலை செய்கிறேன். நடனக் குழுக்களோடுதான் அதிகம் வேலை. பல நாளாக மனதில் கிடக்கும் ஒரு விஷயத்தை இங்கே எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

2020 இலையுதிர்காலத்தில், நோய்த்தொற்றுக் கட்டுப்பாடுகளுக்கு நடுவே, 'கோல்ட் ஷவர்' என்றொரு நிகழ்ச்சி பாரிஸ் இலையுதிர்கால விழாவில் நடந்தது. மேடையில் இரண்டே பேர். ஒருவர் அகாஜி மாரோ, 1943-ல் பிறந்தவர், டோக்கியோவின் டைராகுடாகன் என்ற புட்டோ நடனக் குழுவை 1972-ல் தொடங்கியவர். இன்னொருவர் பிரான்சுவா ஷென்யோ, 1983-ல் பிறந்தவர். பாலே காலணியின் நுனியில் நின்று ஆடுவார், ஆடிக்கொண்டே பாடுவார், வரலாறும் முறையாகப் படித்தவர். ஒருவருக்கு 77, மற்றவருக்கு 37. பேசிக்கொள்ளப் பொதுவான மொழி என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது.

புட்டோ பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1959-ல் டோக்கியோவில் தத்சுமி ஹிஜிகட்டா ஆடிய 'கின்ஜிகி' என்ற சிறு நிகழ்ச்சியில் இது தொடங்கியதாகச் சொல்வார்கள். முதலில் 'அன்கோகு புட்டோ' என்றார்கள். இருட்டின் நடனம். உடம்பெல்லாம் வெள்ளைப் பூச்சு, வளைந்த கால்கள், மெதுவான அசைவு என்பதுதான் வெளியிலிருந்து பார்ப்பவர்களின் முதல் நினைவு. மாரோ இந்த ஹிஜிகட்டாவிடம் வந்து சேர்ந்தவர். நாடக மேடையிலிருந்து வந்ததால் அவருடைய குழுவில் ஆரவாரமும் வேடிக்கையும் அதிகம்.

எனக்கு இந்த இருவரும் சேர்ந்தது முக்கியமாகப் படுவதற்குக் காரணம் உண்டு. பிரான்சில் புட்டோவைப் பரப்பிய ஆட்களைப் பாருங்கள். 1978-ல் பாரிஸில் 'கடைசி ஏதேன்' ஆடிப் பேரலை கிளப்பிய கார்லோட்டா இகேடாவும் கோ முரோபுஷியும் மாரோவின் குழுவில் இருந்தவர்கள். இகேடா பிறகு போர்தோ பக்கமே குடியேறி 2014-ல் அங்கேயே இறந்தார். சங்காய் ஜுகு என்ற புட்டோ குழுவைத் தொடங்கிய உஷியோ அமகட்சுவும் மாரோவின் குழுதான். 1980-ல் பிரான்சின் நான்சி நகர விழாவுக்கு வந்தார். 1982 முதல் பாரிஸின் 'தியாத்ர் த லா வில்' அரங்கம் அவருடைய புதுப் படைப்புகளுக்குக் கூட்டுத் தயாரிப்பாளர். 2024-ல் அவரும் போய்விட்டார்.

அதாவது பிள்ளைகள் எல்லோரும் முன்பே இந்த ஊருக்கு வந்து பேர் வாங்கிவிட்டார்கள். மூத்தவரும் தன் குழுவைக் கூட்டிக்கொண்டு வந்து போய்க்கொண்டுதான் இருந்தார். ஆனால் இந்த முறை குழு இல்லை. 77 வயதில், தன் ஊர்க்காரர் அல்லாத ஒருவரோடு தனியாக மேடை ஏறினார். அந்த மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. இருவரில் யாரும் மற்றவரைப் போல ஆட முயலவில்லை. ஷென்யோ புட்டோக்காரர் ஆகவில்லை, மாரோ சமகால நடனக்காரர் ஆகவில்லை.

கூட்டு நடனம் என்ற பெயரில் வரும் பலவற்றுக்கு நான் விளக்குப் போட்டிருக்கிறேன். பாதி வெறும் ஒட்டுவேலை. இது ஏன் ஒட்டுவேலை ஆகவில்லை என்பதுதான் என் கேள்வி. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

---

சதங்கை

அண்ணா, எழுதியதற்கு நன்றி. நான் நடனம் கற்றுக்கொடுப்பவள், புட்டோவை காணொளியில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் ஒரு சந்தேகம் உடனே எழுகிறது.

//1982 முதல் பாரிஸின் 'தியாத்ர் த லா வில்' அரங்கம் அவருடைய புதுப் படைப்புகளுக்குக் கூட்டுத் தயாரிப்பாளர்//

காசு பாரிஸிலிருந்து வந்தால், முதல் பார்வையாளர் பாரிஸ்காரர் என்றால், ஆடுபவர் ஜப்பானியர் என்பதால் மட்டும் அது ஜப்பானிய நடனம் ஆகிவிடுமா? பிரெஞ்சுக்காரர்களுக்கு எந்த ஜப்பான் பிடிக்குமோ அந்த ஜப்பானை ஆடிக் காட்டுவதாகாதா? வெள்ளைப் பூச்சு, மௌனம், மணல், நிதானம். வேறு மாதிரி ஆடும் ஜப்பானியருக்கு அங்கே இடம் கிடைக்கிறதா?

---

பழையஏடு

சதங்கை கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு 120 வருடத்துக்கும் மேலான வரலாறு இருக்கிறது.

1900 பாரிஸ் உலகக் கண்காட்சி. பட்டுத்துணியும் வண்ண விளக்கும் வைத்து ஆடிப் புகழ்பெற்ற லோயி ஃபுல்லருக்கு அங்கே சொந்தமாக ஒரு சிறு அரங்கம். அவர் அமெரிக்கர், ஆனால் பாரிஸ்தான் அவரைத் தூக்கிவைத்துக் கொண்டாடியது. தன் அரங்கத்தில் ஆட சதா யக்கோ என்ற நடிகையையும் அவர் கணவர் கவகாமி ஒட்டோஜிரோவின் குழுவையும் ஃபுல்லர் கொண்டுவந்தார். சதா யக்கோ கெய்ஷாவாக நடனப் பயிற்சி பெற்றவர். பாரிஸ் மயங்கிவிட்டது. ஆனால் ஃபுல்லருக்கு அது போதவில்லை. வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாகும் காட்சி வேண்டும் என்று வற்புறுத்தினார், அவர்களும் சேர்த்தார்கள். கதைக்கு வேண்டுமோ வேண்டாமோ, ஹராகிரி உண்டு. பார்வையாளரின் ஆசை மேடைக்குள் கையை நீட்டியதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. 1921 முதல் 1927 வரை டோக்கியோவில் பிரெஞ்சுத் தூதராக இருந்த கவிஞர் பால் குளோதெல், 'பெண்ணும் அவள் நிழலும்' என்று ஒரு சிறு மௌன நாடகம் எழுதினார். 1923-ல் அதை டோக்கியோ இம்பீரியல் அரங்கில் கபுக்கி என்ற ஜப்பானிய மரபு நாடகத்தின் நடிகர்களே ஆடினார்கள். ஒரு பிரெஞ்சுக்காரர் எழுத்தைக் கொடுத்துவிட்டு, உடம்பை முழுக்க ஜப்பானியரிடம் விட்டுவிட்டார். ஃபுல்லர் நடந்துகொண்டதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

அப்புறம், புட்டோ 'சுத்தமான ஜப்பானியம்' என்ற நினைப்பையும் விட்டுவிட வேண்டும். ஹிஜிகட்டா பிரெஞ்சு எழுத்தாளர் ழான் ஜெனேயின் எழுத்தில் ஊறிப்போனவர், இன்னொரு பிரெஞ்சுக்காரரான அர்த்தோவையும் படித்தவர். புட்டோவின் இன்னொரு முன்னோடியான கசுவோ ஓனோவின் புகழ்பெற்ற தனி நடனம் எதைப் பற்றியது? 1929-ல் டோக்கியோவில் தான் பார்த்த 'லா அர்ஹென்டினா' என்ற ஸ்பானிய நடனக்காரியை அரை நூற்றாண்டு கழித்து நினைத்து ஆடியது. 1977-ல் அது அரங்கேறியது, இயக்கியவர் ஹிஜிகட்டா. 1980-ல் அதே நடனத்தோடு 73 வயதில் நான்சிக்கு வந்தார் ஓனோ. பிரெஞ்சு நூல்களைப் படித்து, ஸ்பானியக்காரியை நினைத்து உருவான ஆட்டத்தைப் பார்த்து பிரெஞ்சுக்காரர்கள் 'ஜப்பானின் ஆன்மா' என்று வியந்தார்கள். ஹிஜிகட்டா மட்டும் கடைசிவரை வெளிநாட்டு மேடை எதிலும் ஆடவில்லை.

---

நேர்கோடு

வெளிப்படையாகவே கேட்கிறேன். இப்படி ஊர்விட்டு ஊர் போய் ஒருவர் கலையை ஒருவர் தொடுவதற்கு எவ்வளவு காலம் வேண்டும்?

சவியே ல ருவா என்று ஒரு பிரெஞ்சுக்காரர். மூலக்கூறு உயிரியலில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு நடனத்துக்கு வந்தவர். புட்டோ நடனக்காரர் ஆக இரண்டு மணி நேரம் போதும் என்று எப்போதோ சொல்லிவைத்தார். 2009-ல் ரென் நகரில் நடன அமைப்பாளர் போரிஸ் ஷர்மாட்ஸ் அதை நினைவுபடுத்தி, செய்துகாட்டும்படி அழைத்தார். ல ருவா தன் ஓய்வு நேரத்தில் இணையக் காணொளிகளையும் புத்தகங்களையும் வைத்துக் கற்றுக்கொண்டு, அந்த அனுபவத்தையே பேச்சும் ஆட்டமுமாக மேடையில் வைத்தார்.

எனக்கு அது நேர்மையான வேலையாகவே படுகிறது. தனக்கு எவ்வளவு தெரியும், எங்கிருந்து எடுத்தேன் என்பதை மறைக்கவில்லை. கியோட்டோவில் மூன்று மாதம் தங்கி, ஒரு மூத்தவரோடு புகைப்படம் எடுத்துக்கொண்டு, 'இரு பண்பாடுகளின் உரையாடல்' என்று அறிவிப்பு எழுதுவதைவிட இது மேல்.

---

சதங்கை

நேர்கோடு, நீங்கள் சொல்லும் நேர்மையை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு மணி நேரத்தில் வருவது உருவம்தான். என் மாணவிகளுக்கு நிற்கும் நிலை ஒன்று உடம்பில் இறங்கவே வருடம் பிடிக்கிறது. உருவத்தைக் காட்டிவிட்டு 'இவ்வளவுதான் என்னால் முடிந்தது' என்று சொல்வது ஒரு நல்ல சொற்பொழிவு. அதை நான் கூட்டு நடனம் என்று சொல்லமாட்டேன், எதிரில் ஆள் இல்லையே.

---

விளக்கடி

எதிரில் ஆள் இல்லை. ஆமாம், நான் சொல்லத் தவித்தது இதுதான் தங்கச்சி.

எதிரில் ஆளோடு இருந்தவர்களைச் சொல்கிறேன். 1983-ல் கத்ரின் திவெரெஸ், பெர்னார்தோ மோந்தே இருவரும் பிரான்சிலிருந்து கிளம்பிப் போய் கசுவோ ஓனோவிடம் கற்றார்கள். அங்கே இருந்தபோதே 'ஆன்ஸ்தான்ஸ்' என்ற இரட்டை நடனத்தை உருவாக்கினார்கள். திரும்பி வந்தபின் வெள்ளை பூசிக்கொண்டு ஆடினார்களா? இல்லை. அவர்கள் நடனம் அவர்களுடையதாகவே இருந்தது, ஆனால் ஓனோவிடம் போய்வந்தது அதன் அடியில் இருந்தது. திவெரெஸ் பிறகு ரென் தேசிய நடன மையத்தையும், மோந்தே தூர் நகர மையத்தையும் நடத்தினார்கள். எத்தனை இளம் பிரெஞ்சு உடம்புகளுக்குள் அந்தக் கிழவர் போயிருக்கிறார் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

எம்மானுவேல் ஹுயின் இன்னொருவர். வில்லா குஜோயாமாவில் தங்கி வேலை செய்தவர். தெரியாதவர்களுக்கு: அது கியோட்டோ மலைச்சரிவில் 1992-ல் கட்டிய பிரெஞ்சுக் கலைஞர் இல்லம். ஹுயின் முதலில் நடனக்காரரைத் தேடவில்லை. இகெபானா பூ அலங்காரக் கலையில் தேர்ந்த ஒருவரோடு சேர்ந்து 'ஷின்பாய்' செய்தார். மேடையில் ஒருவர் கிளையை வைக்கிறார், ஒருவர் ஆடுகிறார். பிறகுதான் அகிரா கசாயோடு 'ஷ்பீல்' என்ற இரட்டை நடனம். கசாயும் 1943-ல் பிறந்தவர், ஓனோவோடும் ஹிஜிகட்டாவோடும் ஆடியவர், நடுவில் ஜெர்மனிக்குப் போய் யூரித்மி என்ற அசைவுக் கலை படித்தவர். வயதும் ஊரும் வேறான இரண்டு பேர் விளையாடுகிறார்கள், அவ்வளவுதான். விளையாட்டில் 'உன் பண்பாடு, என் பண்பாடு' என்று கோடு போட நேரம் இருக்காது.

---

மூங்கில்காடு (ஒசாகா)

நான் ஒசாகாவில் இருக்கிறேன், பிரெஞ்சு–ஜப்பானிய மொழிபெயர்ப்புத் தொழில். ஒத்திகை அறைகளிலும் வேலை செய்திருக்கிறேன். இங்கே எல்லோரும் படைப்பைப் பற்றிப் பேசுகிறீர்கள். அதற்கு முன்னால் அறைக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன்.

முதல் நாள் காலை ஜப்பானிய நடனக்காரர்கள் சீக்கிரமே வந்து ஈரத்துணியால் தரையைத் துடைப்பார்கள். வயதில் பெரியவர், பேர் பெற்றவர் எல்லோருமே. பிரெஞ்சுக் குழு வரும்போது தரை காய்ந்திருக்கும், ஆகவே அவர்களுக்கு அது தெரியவே தெரியாது. ஒரு முறை நான் சொன்ன பிறகுதான் ஒரு பிரெஞ்சுப் பெண் மறுநாள் முன்னதாக வந்து தானும் துணியை எடுத்தார். அன்றைக்கு ஒத்திகை வேறு மாதிரி இருந்தது.

அடுத்தது காசு. பிரான்சில் ஒரு மேடைக் கலைஞர் 12 மாதத்தில் 507 மணி நேரம் வேலை செய்ததாகக் கணக்குக் காட்டினால், வேலை இல்லாத மாதங்களுக்கு உதவித்தொகை உண்டு. ஜப்பானில் அப்படி ஒன்றும் கிடையாது. பகலில் காபிக் கடையிலோ கிடங்கிலோ 'பைத்தோ' என்னும் பகுதிநேர வேலை பார்த்துவிட்டு வருவார்கள். சிறு நிகழ்ச்சிகளில் 'நொருமா' என்று ஒன்று உண்டு: ஆடுபவரே இத்தனை நுழைவுச்சீட்டு விற்றாக வேண்டும், விற்காவிட்டால் கையிலிருந்து கட்ட வேண்டும். பொது அரங்கம் ஒன்று தனக்கென்று நடனக் குழு வைத்துக்கொண்டதே 2004-ல் நீகாத்தாவின் நொயிசம்தான் முதல். பிரான்சில் தேசிய நடன மையங்கள் மட்டும் 19. ஒத்திகையில் பிரெஞ்சுக்காரர் 'நாளைக்கும் யோசிக்கலாம், நேரம் இருக்கிறதே' என்பார். ஜப்பானியருக்கு நாளைக்குக் கடையில் முறை இருக்கும். இதைப் பண்பாட்டு வித்தியாசம் என்று எழுதுகிறார்கள். எனக்கு இது சம்பள வித்தியாசம்.

சதங்கை கேட்டதற்கும் பதில் இதில் இருக்கிறது. சங்காய் ஜுகு ஏன் பாரிஸில் படைத்தது? அங்கேதான் படைக்க முடிந்தது.

இன்னொன்று. 'கோல்ட் ஷவர்' என்ற பெயரில் பொன்னைப் பார்த்ததும் எனக்கு 'கின்புன்' ஞாபகம் வந்தது. அந்தக் காலப் புட்டோ குழுக்கள் வயிற்றுப்பாட்டுக்கு கபரேக்களில் உடம்பெல்லாம் பொன்தூள் பூசிக்கொண்டு ஆடுவார்கள். மாரோவின் குழு வளர்ந்ததும் அந்தக் காசில்தான். இன்றும் திருவிழாத் தெருக்களில் அவர்கள் பொன்னுடம்போடு ஆடுவதைப் பார்க்கலாம், குழந்தைகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்.

மொழி பற்றி ஒரு சம்பவம். ஒரு பிரெஞ்சு நடன அமைப்பாளர், பெயர் வேண்டாம், திரும்பத் திரும்ப 'புவா' என்றார். எடை என்று பொருள். உடம்பைப் பூமியிடம் விட்டுவிடுவதை அவர்கள் அப்படிச் சொல்வார்கள். நான் ஜப்பானிய மொழியில் 'ஒமோசா' என்று சொன்னேன். அகராதிப்படி அதுவும் எடைதான். ஆனால் ஜப்பானிய நடனக்காரியின் உடம்பு விடவில்லை, பாரம் சுமப்பது போல இறுகியது, முகம்கூட வாடிப்போயிற்று. அமைப்பாளர் 'இல்லை, புவா, புவா' என்கிறார். அவர் இன்னும் இறுகுகிறார். மூன்று நாள் இப்படியே போயிற்று. இருவருக்கும் நடுவில் நான்தான் தப்பு செய்கிறேன் என்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

---

பழையஏடு

அக்கா, தரை துடைக்கும் விஷயம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது, நன்றி. அந்த 'புவா' கதையைப் பாதியில் விட்டுவிட்டீர்களே, பிறகு என்ன ஆயிற்று?

---

நேர்கோடு

நானும் அதைத்தான் கேட்க வந்தேன். காசு பற்றி எழுதியதைப் படித்தபின் என் முந்தைய பதிவு கொஞ்சம் அவசரம் என்று படுகிறது. மூன்று மாதத் தங்கல் என்பது ஜப்பானிய நடனக்காரருக்கு மூன்று மாதம் கிடங்கு வேலை இல்லாத வாழ்க்கை, அதை நான் யோசிக்கவில்லை. 1996-ல் பான்யோலே நடனப் போட்டியின் ஜப்பான் சுற்றாகத் தொடங்கிய யோகோஹாமா டான்ஸ் கலெக்‌ஷனில் பிரெஞ்சுத் தூதரகப் பரிசு ஒன்று உண்டு. வென்றவர் பிரான்சில் சில மாதம் தங்கிப் படைக்கலாம். சபுரோ தெஷிகவாராவும் 1986-ல் அந்தப் பான்யோலே பரிசு வழியாகத்தான் ஐரோப்பாவுக்குத் தெரியவந்தார். 2003-ல் அவர் பாரிஸ் ஓபரா பாலேவுக்கே நடனம் அமைத்தார். வெள்ளைப் பூச்சு இல்லாத ஜப்பானியருக்கு இடம் கிடைக்குமா என்று சதங்கை கேட்டதற்கு இவர் ஒரு பதில்.

ஆனால் பெஷாரை என்ன செய்வது? மோரிஸ் பெஷார் 1986-ல் டோக்கியோ பாலேவுக்காக 'தி கபுக்கி' அமைத்தார். எஜமானை இழந்த 47 சாமுராய்களின், அதாவது ரோனின்களின் கதை, இசை தோஷிரோ மயுசுமி. எனக்கு அது பிரம்மாண்டமாகவும் வெளியிலிருந்து பார்த்ததாகவும் தெரிகிறது. ஜப்பானியர்களே ஆடினாலும் கண் பிரெஞ்சுக் கண்.

---

விளக்கடி

பெஷார் விஷயத்தில் நான் உடன்படவில்லை. டோக்கியோ பாலே அதைத் தன் பிள்ளையாகவே வளர்த்து, இத்தனை வருடமாக ஆடிக்கொண்டிருக்கிறது. ஆடி ஆடி அது அவர்களுடையது ஆகிவிட்டது. படைத்தவர் கண் எதுவாக இருந்தாலும், பல தலைமுறை உடம்புகள் அதை மாற்றியிருக்கும்.

காவோரி இட்டோவைப் பற்றி யாரும் பேசவில்லையே. 1979-ல் டோக்கியோவில் பிறந்தவர். பிரான்சுக்கு வந்து திகூஃப்லே, ப்ரெல்ஜோகாஜ், ஜேம்ஸ் தியெரே என்று எல்லோருடைய படைப்பிலும் ஆடினார். 2012-ல் ஒரேலியன் போரி அவருக்காகவே 'ப்ளெக்சஸ்' செய்தார். மேல் கீழாக இழுத்துக் கட்டிய ஆயிரக்கணக்கான நூல்களுக்குள் அவர் ஒருத்தி. விளக்குக்காரனாகச் சொல்கிறேன், நூல்களின் மேல் ஒளி விழுந்து உடம்பு தெரிந்தும் தெரியாமலும் போகும் அந்த வேலையைப் பார்த்து ஏங்கியிருக்கிறேன்.

ஆனால் அவருடைய உண்மையான கூட்டுப் படைப்பு 2015-ல் வந்தது. கூட ஆடியவர் சிற்பியான அவருடைய அப்பா. 'சொற்களை நம்பாததால் ஆடுகிறேன்' என்பது தலைப்பு. மகள் கேள்வியாகக் கேட்டுக்கொண்டே போகிறாள், அப்பா பதில் சொல்வதும் உண்டு, சும்மா இருப்பதும் உண்டு. கடைசியில் ஆடுகிறார்கள். இத்தனை வருடம் பிரான்சில் இருந்த மகளும் ஜப்பானிலேயே இருந்த அப்பாவும். அங்கே இரண்டு நாடுகளுக்கு நடுவில் இருக்கும் தூரம் ஒரே வீட்டுக்குள் வந்துவிட்டது. என் அப்பாவை விமான நிலையத்தில் கடைசியாகப் பார்த்தது நினைவுக்கு வந்து, நிகழ்ச்சி முடிந்தும் எழுந்திருக்க முடியவில்லை. இட்டோ இப்போது 2023 முதல் ஸ்ட்ராஸ்பூர்கில் ஒரு தேசிய நாடக மையத்தின் இயக்குநர். பிரான்ஸ் அவரை விருந்தாளியாக வைத்திருக்கவில்லை, வீட்டுச் சாவியைக் கொடுத்திருக்கிறது.

---

பழையஏடு

எதிரில் ஆளே இல்லாமலும் ஒரு உறவு இருந்தது, அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. எலேன் ஜிக்ளாரிஸ் என்ற பிரெஞ்சு நடனக்காரி. 'ஹகோரோமோ' என்ற பழைய ஜப்பானிய 'நோ' மரபு நாடகத்தின் மேல் அவருக்குத் தீராத பற்று. கதை எளியது: மீனவன் ஒருவன் பைன் மரத்தில் தொங்கும் இறகாடையைப் பார்த்து எடுத்துக்கொள்கிறான். அது தேவகன்னியுடையது. ஆடிக்காட்டினால் தருகிறேன் என்கிறான். ஆடை இல்லாமல் எப்படி ஆடுவது என்கிறாள் அவள். கொடுத்தால் ஆடாமலே பறந்துவிடுவாயே என்கிறான். சந்தேகம் மனிதர்களிடம்தான் உண்டு என்கிறாள். அவன் வெட்கப்பட்டுக் கொடுத்துவிடுகிறான்.

எலேன் ஜப்பானுக்குப் போனதே இல்லை. கிடைத்ததையெல்லாம் படித்து, 1949-ல் பாரிஸில் அந்த நடனத்தை ஆடினார். நோய்வாய்ப்பட்டு 1951-ல், 35 வயதில் இறந்தார். அவர் கணவர் அவருடைய தலைமுடியை எடுத்துக்கொண்டு ஜப்பானுக்குப் போனார். கதை நடந்ததாகச் சொல்லப்படும் மிஹோ நோ மத்சுபரா கடற்கரையில், ஃபுஜி மலை தெரியும் பைன் தோப்பில், 1952-ல் அவருக்கு நினைவுக்கல் வைத்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் இன்றும் அங்கே ஹகோரோமோ விழா எடுக்கிறார்கள்.

நேர்கோடு கேட்ட 'எவ்வளவு காலம் வேண்டும்' என்ற கேள்விக்கு இவரை எந்தக் கணக்கில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

---

சதங்கை

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் முதல் கேள்வியை நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. காசு யார் கையில் இருக்கிறதோ அவர் கண்ணுக்கு ஏற்ப ஆட்டம் வளையும், ஹராகிரி கதையே போதும் அதற்கு. ஆனால் வளைந்த பிறகும் உள்ளே ஏதோ ஒன்று யாருக்கும் விற்காமல் இருந்திருக்கிறது.

மூங்கில்காடு அக்கா, அந்த நான்காம் நாள்?

---

மூங்கில்காடு

மன்னிக்கவும், வேலைக்குப் போய்விட்டேன்.

நான்காம் நாள் அந்த ஜப்பானிய நடனக்காரி என்னைப் பார்க்கவே இல்லை. நேரே அமைப்பாளரிடம் போய், தரையில் படுக்கும்படி கையால் காட்டினார். அவர் படுத்தார். இவர் அவருடைய முன்கையை மெதுவாகத் தூக்கி, சட்டென்று விட்டார். கை விழவில்லை! தூக்கிய இடத்திலேயே நின்றது. மூன்று நாளாக விடு, விடு என்று சொன்னவர் தன் கையை விடாமல் பிடித்திருக்கிறார். அவருக்கே அது அப்போதுதான் தெரிந்தது, முகத்தில் பார்த்தேன். இரண்டாம் முறை தூக்கி விட்டார், பாதி விழுந்தது. அப்புறம் இடம் மாறிப் படுத்துக்கொண்டார்கள். மதியம் வரை ஒரு சொல் இல்லை. நான் சுவரோரமாகப் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த நடனம் பிறகு அரங்கேறியது. திரை விலகும்போது ஒருவர் படுத்திருப்பார், ஒருவர் கையைத் தூக்குவார். எந்தக் கை விழும், எந்தக் கை நிற்கும் என்று ஒவ்வொரு நாளும் அவர்களுக்கே தெரியாது.